பந்து எப்போது திரும்பும்?

தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒரு பந்தைப் பிடித்து, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறிகிறீர்கள். அது எவ்வளவு உயரம் போகும்? எப்போது கீழே திரும்பும்?

புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொண்டு, காற்றுத் தடையை விட்டுவிட்டால், பந்தின் உயரம் இதுதான்:

உ = 2 + 10ந − 5ந²

உ என்பது மீட்டரில் உயரம். ந என்பது விநாடியில் நேரம். பாடநூலில் இவை ஒய், எக்ஸ் என்று இருக்கும். பந்து நேர்கோட்டில்தான் ஏறி இறங்குகிறது. ஆனால், நேரத்துக்கு எதிராக உயரத்தை வரைந்தால் கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைகோடு கிடைக்கும். அதுவே பரவளைவு. பந்தைச் சாய்வாக எறிந்தால் அதன் பாதையே பரவளைவாகும். கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் இதை விளக்கினார்.

வளைவு திரும்பும் புள்ளி முனை. அதன் வழியே செல்லும் செங்குத்துக் கோடு சமச்சீர் அச்சு. அந்தக் கோட்டில் தாளை மடித்தால் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். ஆகவே, ஒரே உயரத்தில் உள்ள இரு புள்ளிகளுக்கு நட்டநடுவில்தான் அச்சு இருக்கும்.

பந்து மீண்டும் 2 மீட்டர் உயரத்துக்கு எப்போது வரும்?

10ந − 5ந² = 0
5ந(2 − ந) = 0

ந = 0 அல்லது 2. இவற்றின் நடு 1. எனவே சமச்சீர் அச்சு ந = 1. அப்போது உ = 2 + 10 − 5 = 7. முனை (1, 7). எறிந்த 1 விநாடியில், 7 மீட்டர் உயரத்தில் பந்து திரும்புகிறது.

பலர் உ = 0 என்று வைத்துக் காரணிப்படுத்தப் பார்ப்பார்கள். அது எப்போதும் கைகொடுக்காது. உ = ந² − 6ந + 11 என்ற வளைவு கிடை அச்சைத் தொடுவதே இல்லை. இங்கும் 11ஐ ஒதுக்கிவிட்டு ந² − 6ந = 0 என்று எழுதுங்கள். ந = 0 அல்லது 6; நடுவில் 3. அங்கே உ = 9 − 18 + 11 = 2. முனை (3, 2). ந²-இன் குறி மிகை என்பதால் கிண்ணம் நிமிர்ந்திருக்கிறது. முனைதான் அதன் அடிப்புள்ளி.

ந-வுக்கு முன்னுள்ள எண்ணின் குறியை மாற்றி, ந²-க்கு முன்னுள்ள எண்ணின் இருமடங்கால் வகுக்கும் சூத்திரமும் இப்படிப் பிறந்ததே. தேர்வில் அது மறந்துபோனாலும், சம உயரமுள்ள இரு புள்ளிகளைத் தேடுங்கள்.

முயன்று பாருங்கள்: உ = 3 + 8ந − 2ந². முனை எது?

விடை: (2, 11)