உங்களுக்குத் தெரியுமா? மாரியில் மட்டக்களப்பு

◆ மட்டக்களப்புக்கு எப்போது போகலாம் என்று எந்தப் பயணக் கையேட்டைப் புரட்டினாலும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை என்றுதான் இருக்கும். ஒக்டோபர் பிறந்ததும் பாசிக்குடா விடுதிகள் விலையை இறக்கிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். தொலைபேசியில் கேட்டால் இன்னும் கொஞ்சம் இறக்குவார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கையேடுகள் விட்டுவிட்டுப் போகும் அந்த மாதங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

◆ ஆள் வராத பருவம் நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. தென் இத்தாலியின் துறைமுக நகரான பாரியிலும் கோடையில் கடலாட வந்த கூட்டம் நவம்பரில் மறைந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் ஒலிவ் அறுவடை நடக்கும். டிசம்பர் 6 இல் புனித நிக்கலஸ் திருநாள் வரும். கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு மூலவரான அந்த ஆயரின் எலும்புகள் 1087 இல் பாரிக்குக் கொண்டுவரப்பட்டன. நவம்பர் அங்கேயும் மழை மாதம்தான். ஆனால் பாரியில் வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 600 மில்லிமீற்றர். மட்டக்களப்பில் டிசம்பர் ஒரு மாதச் சராசரியே 400 ஐ ஒட்டி வரும். மழையைப் பற்றி நம்மிடம் அவர்கள் வாய் திறக்கக் கூடாது.

◆ கொழும்பு நனையும் மே, ஜூன் மாதங்களில் மட்டக்களப்பு காயும். மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று இங்கே ஆளை வாட்டி எடுக்கும். ஒக்டோபருக்குப் பிறகு காற்று திசை மாறி, வங்காள விரிகுடாவின் ஈரத்தை நேரே இந்தக் கரையில் கொண்டுவந்து கொட்டும். வருட மழையில் பாதிக்கும் மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் முடிந்துவிடும். தாழமுக்கம் எதுவும் இல்லாத வாரத்தில் காலை வெளித்திருக்கும், பின்னேரம் கொட்டும், இரவு மறுபடி கொட்டும். ஊர் சுற்ற நினைப்பவர் காலையில் எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

◆ மட்டக்களப்பு வாவியின் நீளம் சுமார் 56 கிலோமீற்றர். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கிடக்கிறது. இவ்வளவு தண்ணீருக்கும் கடலுக்குப் போக வழி இரண்டுதான்: நகருக்கு அருகே பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே பெரியகல்லாற்றில் மற்றொன்று.

◆ அந்த வழிகள் கோடையில் அடைபட்டுவிடும் என்பது தெரியுமா? அலை கொண்டுவந்து குவிக்கும் மணல், முகத்துவாரத்தை மேடாக்கி மூடிவிடும். அப்போது வாவி ஒரு பெரிய குளம். மேட்டில் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம். மாரி தொடங்கியதும் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று மேற்கிலிருக்கும் குளங்கள் நிரம்பி வான் பாயும். ஆறுகளின் வெள்ளமும் அதனோடு சேரும். வாவி ஏறும். கரையோரத் தாழ்வயல்களில் நாற்பது நாள் பயிர் தண்ணீருக்குள் போகும். விவசாயிகள் கச்சேரிக்கு ஓடுவார்கள்: “ஆற்றுவாயை வெட்டுங்கள்.”

வெட்டுவது லேசான முடிவல்ல. பிந்தி வெட்டினால் வயல் அழுகும், வீடுகளுக்குள் தண்ணீர் வரும். முந்தி வெட்டினால் வாவி சட்டென்று வற்றி, கடலின் உப்பு உள்ளே ஏறும். அடுத்த மழை ஏமாற்றிவிட்டால் அந்த உப்பைக் கழுவ நீர் இருக்காது. வயல்காரருக்கு வாவி தாழ வேண்டும், வலைக்காரருக்கு மீன் கலையக் கூடாது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வருவதும் இதே வாயால்தான் என்பதால் அவர்களுக்கும் அது என்றென்றைக்கும் மூடிக்கிடந்தால் ஆகாது. அதிகாரிகள், விவசாய அமைப்புகள், மீனவர் சங்கங்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதற்குள் வானம் இன்னொரு தடவை கொட்டியிருக்கும்.

வெட்டும் நாளில் போய்ப் பாருங்கள். இயந்திரம் மணல்மேட்டில் ஒடுங்கிய கால்வாய் ஒன்றைக் கீறும். முதலில் கணுக்காலளவு தண்ணீர், நுரையும் சருகுமாகத் தயங்கித் தயங்கிக் கடலை நோக்கி வரும். அதைப் பார்த்து “இதற்கா இவ்வளவு சத்தம்” என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் இரு கரை மணலும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழத் தொடங்கும். அதன்பிறகு இயந்திரத்துக்கு வேலையில்லை. தண்ணீர் தன் வழியைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். மறுநாள் காலை, நேற்று நீங்கள் நின்ற இடம் இருக்காது. எட்டி நின்று பாருங்கள் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

◆ பாலமீன்மடு முகத்துவாரத்தில் நிற்கும் வெளிச்சவீடு 1913 இல் கட்டப்பட்டது. உயரம் 28 மீற்றர்.

◆ வாவியின் பாடும் மீனைக் கேட்க வருகிறவர்களுக்கு ஏமாற்றமான செய்தி: மாரியில் அது கேட்காது. அமைதியான தண்ணீரும் நிலவும் வேண்டும். ஆகவே கோடை மாதங்களின் பூரணைதான் தோது. 1848 செப்டெம்பரில் இங்கே தோணியேறிக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனென்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசைக்கு அதை ஒப்பிட்டார். பாடுவது மீனல்ல, ஊரி என்ற நத்தையினம்தான் என்று சொல்லி மீனவர்கள் அவருக்கு ஊரிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தார். எந்த உயிர் பாடுகிறது என்பதில் மட்டும் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. காரைதீவில் பிறந்து கல்லடியில் வாழ்ந்த விபுலானந்த அடிகளுக்கு அந்தக் குழப்பமே இருக்கவில்லை. நீரரமகளிர் பாடுகிறார்கள் என்று கவிதை எழுதிவிட்டார்.

◆ அந்த இசைக்குப் பெயர்போன கல்லடிப் பழைய பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம். பக்கத்திலேயே ஜப்பானிய உதவியுடன் அமைந்த புதிய பாலம் 2013 இல் வந்ததும் வாகனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. மாரியில் இந்தப் பாலத்தடி வலைக்காரர் ராச்சியம். வெள்ளம் இழுக்கும் நேரம் தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வீச்சுவலையோடு நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மீன் வருகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், வரும்போது சொல்லமாட்டார்.

◆ 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’ இன்னமும் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. இறந்தவர்கள் 307 பேர். சுழியோடிகள் உலகெங்கிலுமிருந்து அதைத் தேடி வருவார்கள். நவம்பரில் கடல் அவர்களை அண்டவிடாது.

◆ வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே வயல் நிலம் படுவான்கரை. வெளியூரார் பெரும்பாலும் பார்த்துவிட்டுப் போவது எழுவான்கரையை மட்டும்தான். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போக அந்த இடத்தில் வாவியைப் படகுப் பாதையில் கடக்க வேண்டியிருந்தது. இப்போது ஓட்டோவில் சில நிமிடம். கோடையில் வெடித்துக் கிடக்கும் அந்தப் பக்கத்தை நவம்பர் கடைசியில் பார்த்தவர், இது வேறு ஊர் என்று சத்தியம் செய்வார். கண்ணுக்கெட்டிய மட்டும் வேளாண்மை. இங்கே நெற்பயிருக்கும் அதே பெயர்தான்.

◆ எந்தத் தேதிக்குள் விதைத்து முடிப்பது, குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது, மாடுகளை வயல் வெளியிலிருந்து எப்போது அகற்றுவது என்பதெல்லாம் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகும். அகற்றிய மாடுகள் எங்கே போகும்? காலங்காலமாக மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குத்தான். அந்த நிலத்தில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் நீண்டகாலம் இழுபட்டது. மட்டக்களப்பு எருமைத் தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள், அதன் மாடு மாரியில் எங்கே நிற்கிறது என்று ஒருதரம் விசாரிக்கலாம்.

◆ சந்திவெளி–திகிலிவெட்டை, குருமண்வெளி–மண்டூர் துறைகளில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் மிதப்புக்குப் பெயர் ‘பாதை’. காற்றும் வெள்ளமும் மிஞ்சினால் பாதையை நிறுத்திவிடுவார்கள். அக்கரைக்குப் போகும் ஆசிரியர்களும் தாதியரும் அன்று சுற்றிப் போக வேண்டும், அல்லது போகாமல் இருக்க வேண்டும். நமக்கு அது வேடிக்கை. அவர்களுக்குச் சம்பள நாள்.

◆ வாவியில் முதலை உண்டு. வெள்ளம் ஏறினால் கரையோரக் காணிக்கும் வரும். கால் நனைக்க முதல் ஊராரைக் கேளுங்கள்.

◆ 1978 நவம்பர் 23. மட்டக்களப்பில் ‘சூறாவளி’ என்று வெறுமனே சொன்னால் அது இந்த நாள்தான். நாடு முழுவதும் சுமார் 900 பேர் இறந்தார்கள். மாவட்டத்தின் தென்னந்தோப்புகள் அநேகமாக முழுவதும் படுத்தன. வயது கேட்டால் வருடத்தைச் சொல்லாமல், “சூறாவளிக்கு நான் கைப்பிள்ளை” என்று பதில் சொல்லும் தலைமுறை ஒன்று இங்கே உண்டு. 2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ புயல் நாட்டையே புரட்டிப்போட்டபோது அவர்கள் மறுபடி அந்தக் கதையை எடுத்தார்கள். மாரியில் மட்டக்களப்பு அழகுதான். ஆனால் வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்த வாரத்தில் அழகு பார்க்க வருவது, ஏற்கெனவே கை நிறைய வேலையிருக்கும் கிராம சேவகருக்கு இன்னொரு வேலை வைப்பதாகும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

◆ சாப்பாடு. ஆற்று இறாலும் நண்டும் தாராளமாக வரும் பருவம். நண்டுக் குழம்பில் கடைசியாக ஒரு பிடி முருங்கையிலை விழ வேண்டும். விழாத கடையில் இரண்டாம் தரம் சாப்பிட மாட்டேன். கூனி இறாலை வறுத்துத் தேங்காய்ப்பூவோடு இடித்த சம்பலும் சூடான புட்டும் மழைக்கால இரவுக்குப் போதும். விடுதிச் சமையலறைகளில் இதெல்லாம் கிடைப்பது அபூர்வம். பட்டியலில் இல்லாவிட்டாலும் கேட்டுவிடுங்கள். விருந்தினர் குறைந்த நாளில் சமையற்காரருக்கு நேரம் இருக்கும்; தன் வீட்டுக் கறியை வைத்துக் காட்டும் ஆசையும் இருக்கும்.

◆ கோயில்களின் பெரிய திருவிழாக்கள் கோடையோடு முடிந்துவிடும். மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில். மாரிக்கென்று இருப்பவை அடக்கமானவை. கார்த்திகை விளக்கீட்டன்று வாசல்தோறும் தீபம், மழை விட்டுத் தந்தால். அதற்கு அடுத்த நாள் தொடங்கி 21 நாள் பிள்ளையார் பெருங்கதை. யாழ்ப்பாணத்து வரதபண்டிதர் பாடிய கதையை ஒருவர் படிக்க, மற்றவர்கள் இருந்து கேட்பார்கள். பிறகு திருவெம்பாவை: விடிய முன்னர் சங்கும் சேமக்கலமும் தெருவில் போகும். விடுதி யன்னலை மூடிப் படுத்தவருக்கும் கேட்கும்.

◆ மட்டக்களப்பில் வீட்டுக்குள் போர்த்துக்கீசம் பேசிய குடும்பங்கள் உண்டு என்பது? பறங்கியர் என்று நாம் அழைக்கும் சமூகம். போர்த்துக்கீசர் புளியந்தீவில் 1628 இல் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638 மே மாதம், அதை ஒல்லாந்தர் பறித்துக்கொண்டார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதல் போர்த்துக்கீசக் கோட்டை அதுவே. கோட்டையை இழந்தவர்களின் மொழி மட்டும் போகவில்லை. தமிழோடு கலந்து ஒரு கிரியோல் மொழியாக நூற்றாண்டுகள் தாண்டி நின்றது. இப்போது பேசத் தெரிந்தவர்கள் முதியோர். தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் பேர்போன இந்தச் சமூகம், கடலோர டச் பார் குடியிருப்பில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் பலரை இழந்தது. கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் அது.

◆ மழை விடாத பகலுக்கு அந்தக் கோட்டை நல்ல இடம். நெடுங்காலம் கச்சேரியாக இயங்கியதால் தடித்த மதிலுக்குள் கோப்புகளும் காணி வழக்குகளுமாக இருந்த கட்டடம். பக்கத்தில் வாவிக்கரையில் வில்லியம் ஓல்ட்டின் சிலை நிற்கும். மெதடிஸ்த மிஷனரியான அவர் 1814 இல் வந்து தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வந்து ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில், இறந்துவிட்டார். 200 ஆண்டு தாண்டிய பள்ளிக்கு அவர் கொடுத்தது சில மாதங்கள்.

◆ ரயில் பாதை மட்டக்களப்பை எட்டியது 1928 இல். பகல் வண்டி ‘உதயதேவி’. கொழும்பிலிருந்து எட்டு, ஒன்பது மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். மாரியில் அதை நம்பி மறுநாள் விமானத்துக்கு நேரம் குறிக்க வேண்டாம். மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகினால் வீதியும் நிற்கும், சில வேளை தண்டவாளமும் நிற்கும். அந்த நாட்களில் நகரத்துக் கடைகளில் மரக்கறி விலை ஏறுவதை வைத்தே பாதை அடைபட்டதைச் சொல்லிவிடலாம்.

◆ எந்த வாரம் வரலாம் என்று கேட்டால் என் பதில்: நவம்பர் நடுப்பகுதியை விட்டுவிடுங்கள், அது முரட்டு மழை. ஒக்டோபர் இரண்டாம் பாதியில் விதைப்பைப் பார்க்கலாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டி வந்தால் மழை தளர்ந்திருக்கும், வாவி நிறைந்திருக்கும், பயிர் குடலைப் பருவத்தில் இருக்கும், வடக்கேயிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை இயந்திரங்கள் இறங்கும். ஏப்ரலில் விடுதிக்காரர்கள் பழைய விலைப்பட்டியலை மறுபடி மாட்டிவிடுவார்கள்.