காதில் பாட்டும் வேண்டும், காதும் வேண்டும்!

பாட்டில்லாத தோட்டம் எங்கே இருக்கிறது? அந்நாளில் லயத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் போதும். அக்கம்பக்கத்து நாலு வீட்டாரும் வாசலில் உட்கார்ந்து கேட்டுவிடுவார்கள். 1979-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்ற சிறு ஒலிநாடாக் கருவியைக் கொண்டுவந்த பிறகு, பாட்டு வீட்டை விட்டு இறங்கி ஆளோடு நடக்கத் தொடங்கியது. அப்போதும் காதுக்கும் கருவிக்கும் நடுவே ஒரு கம்பி இருந்தது. இன்று அதுவும் போய்விட்டது. கைப்பேசி சட்டைப்பையில் இருக்கிறது; பாட்டு காதுக்குள் கேட்கிறது!

மாலையில் தோட்டத்துத் திடல் பக்கம் போய்ப் பாருங்கள். பந்தாட வந்த பிள்ளைகள், இனிப்பு நீருக்காக டாக்டர் நடக்கச் சொன்ன அக்காமார்கள், வேலை முடிந்து ஓடப் போகும் இளைஞர்கள் எனப் பலரின் காதிலும் ஒரு சிறு பொத்தான்போல 'இயர்பட்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்லதுதான். பாட்டோடு நடந்தால் தூரம் தெரியாது, அலுப்பும் தெரியாது.

ஆனால் வாங்குமுன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். அப்படியென்றால் 130 வெள்ளிக்கு ஓர் இயர்பட் வாங்குவது, இரண்டு நாள் வெயிலையும் மழையையும் கொடுத்து வாங்குவதாகும். பணமாவது போனால் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம். காது போனால்? அதனால்தான், எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

முதல் கேள்வி

கடைக்குப் போனதும் பலரும் கேட்கும் கேள்வி, "இதில் பேஸ் நன்றாக இருக்குமா?" என்பதுதான். அதற்கு முன்பு நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதை நான் எங்கே போட்டுக்கொள்ளப் போகிறேன்? வீட்டிலா, பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸிலா, சாலையோரத்திலா? ஏனென்றால் இயர்பட்டில் காதை அடைப்பவை, அடைக்காதவை என இரண்டு இனம் இருக்கின்றன.

ரப்பர்போன்ற மெல்லிய சிலிக்கன் முனை வைத்து, காதுத் துவாரத்துக்குள் தக்கைபோல் உட்காருவது முதல் இனம். வெளிச்சத்தம் குறையும்; மத்தள ஒலி அழுத்தமாகக் கேட்கும். வீட்டுக்கும் பஸ் பயணத்துக்கும் இது ஏற்றது. ஆனால் செம்மண் சாலையில் நடக்கும்போது, பின்னால் செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரியின் சத்தமும் சேர்ந்தல்லவா குறைந்துபோகும்? நாய் குரைப்பதும், யாராவது "டேய், ஒதுங்கு!" என்று கத்துவதும் கேட்காது.

அடைக்காத இனத்தில், துவாரத்தின் வாசலில் சும்மா தொங்குவது ஒரு வகை. காதின்மேல் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, துவாரத்துக்கு வெளியே நின்று ஒலிப்பது இன்னொரு வகை. காதுக்கு முன்னாலுள்ள எலும்பின்மேல் உட்கார்ந்து, எலும்பின் அதிர்வு வழியாகவே உட்காதுக்கு ஒலியை அனுப்புவது மூன்றாவது வகை. இவற்றில் மத்தள ஒலி கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். ஆனால் பாட்டும் கேட்கும், பாதையும் கேட்கும். வெளியே நடக்கவும் ஓடவும் இந்த இனமே சிறந்தது என்பது என் முடிவு.

காதை அடைக்கும் வகையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம். சாலையில் ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி போகும் பக்கத்துக் காது திறந்திருக்கட்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

காதில் நிற்குமா?

எல்லாருடைய காதும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. பெரும்பாலான பெட்டிகளில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு சிலிக்கன் முனைகள் வைத்திருப்பார்கள். நம்மவர்கள் பலர் அவற்றைத் தொடாமலே பெட்டியோடு பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு வேறோர் அளவும் பொருந்துவதும் உண்டு. மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுங்கள். நாலு தடவை குதியுங்கள். எதையாவது மெல்லுவதுபோல் தாடையை அசையுங்கள். கழன்றுவந்தால் முனையை மாற்றுங்கள். முனை தளர்வாக இருந்தால் மத்தள ஒலி கசிந்துவிடும். உடனே "இது மட்டமான சாமான்" என்று ஏசுவோம். குற்றம் சாமானில் இல்லை, அளவில் இருக்கிறது.

வேகமாக ஓடுபவர்களுக்கும் பந்தாடுபவர்களுக்கும் காதுக்குப் பின்னால் வளையும் கொக்கி உள்ளது நல்லது. தொலைத்துவிடுவோமே என்று அஞ்சுபவர்களுக்கு, இரண்டு பக்கமும் ஒரு பட்டையால் இணைந்து கழுத்தில் தொங்கும் வகை இருக்கிறது. காதிலிருந்து விழுந்தாலும் அது கழுத்தில் கிடக்கும். ஒற்றை இயர்பட் செம்பனைக் காட்டுக் கானுக்குள் விழுந்தால் தேடி எடுப்பது லேசா?

இன்னொன்றையும் பாருங்கள். சிலவற்றில் விரலால் தொட்டாலே பாட்டு நிற்கும், மாறும். வியர்த்த விரலும் மழைத்துளியும் பட்டால் இவை தாமாகவே கோளாறு செய்வதுண்டு. உடற்பயிற்சிக்கு, அழுத்தினால் 'டிக்' என்று அமுங்கும் பொத்தான் வைத்ததே வசதி.

வியர்வையும் மழையும்

நம் ஊர் வெயிலில் பத்து நிமிடம் ஓடினால் காதோரம் வியர்வை வழியும். ஆகவே பெட்டியில் 'ஐ.பி.' என்ற எழுத்துகளோடு வரும் எண்ணைத் தேடுங்கள். முதல் எண் தூசிக்கும், இரண்டாவது எண் தண்ணீருக்கும் உரியது. எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' என்றிருந்தால் அதற்குத் தரம் குறிக்கவில்லை என்று பொருள். 'ஐ.பி.எக்ஸ். 4' என்றால் எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. உடற்பயிற்சிக்கு 4-க்குக் குறையாமல் வாங்குங்கள். அதிகம் வியர்ப்பவர்களுக்கு 5 நல்லது.

ஆனால் இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது. இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. வியர்வையிலோ உப்பு இருக்கிறது. உப்பு உலோகத்தை அரிக்கும். அடுத்து, இந்த எண் பெரும்பாலும் இயர்பட்டுக்குத்தான். சார்ஜ் செய்யும் பெட்டிக்கு அல்ல. ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடினால், உள்ளே இருக்கும் உலோக முனைகள் அரிக்கப்பட்டு ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போகும். ஓடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சற்று ஆறவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

பெட்டியில் உள்ள எழுத்துகள்

பெட்டியின்மேல் 'ஏ.என்.சி.' என்றும் 'ஈ.என்.சி.' என்றும் இருக்கும். ஓர் எழுத்துத்தானே வேறுபாடு என்று நினைக்காதீர்கள். முதலாவது, வெளிச்சத்தத்தை ஒலிவாங்கியால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை எழுப்பி, உங்கள் காதுக்கு அதைக் குறைத்துக் கொடுப்பது. பஸ் எஞ்சினின் உறுமல்போன்ற ஒரே சீரான சத்தத்துக்கு இது நன்கு வேலை செய்யும். இரண்டாவது, தொலைபேசியில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாமல் குறைப்பது. உங்கள் காதுக்கு அதனால் அமைதி கிடைக்காது. மலிவுச் சாமான்களில் இரண்டாவதைப் போட்டு முதலாவதுபோல் விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

'எல்.டி.ஏ.சி.', 'ஆப்டெக்ஸ்' என்ற பெயர்களையும் காணலாம். புளூடூத் வழியாகப் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளின் பெயர்கள் அவை. உங்கள் கைப்பேசியிலும் அதே முறை இருந்தால்தான் பலன் உண்டு. இல்லாவிட்டால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான சாதாரண முறையில்தான் பாட்டு வரும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஓர் அரசரின் பட்டப்பெயர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பொது அறிவுக்கு உதவும்!

பேட்டரிக்கு '30 மணி நேரம்' என்று போட்டிருந்தால், அது பெட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றுவதையும் சேர்த்த கணக்கு. ஒரே மூச்சில் காதில் எத்தனை மணி நேரம் பாடும் என்று தனியாகக் கேளுங்கள். ஐந்தாறு மணி நேரம் பாடினால் அன்றாடத்துக்குப் போதும். இதன் பேட்டரி மிகச் சிறியது; ஓரிரண்டு ஆண்டுகளில் தளரும். பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. ஆகவே வாழ்நாள் முழுவதும் உழைக்கும் என்று எண்ணி அளவுக்கு மீறிச் செலவு செய்யாதீர்கள்.

வானொலி நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சில கைப்பேசிகளில் உள்ள எப்.எம். வானொலிக்கு இயர்போன் கம்பிதான் ஏரியல். கம்பி இல்லையென்றால் அலைவரிசையும் இல்லை. இயர்பட்டில் மின்னல் எப்.எம். கேட்க, இணையம் வழியாக ஆர்.டி.எம். கிளிக் செயலியில்தான் கேட்க வேண்டியிருக்கும், டேட்டா செலவாகும். வானொலிக்காகவே வாங்குபவர்களுக்குக் கம்பி வைத்த இயர்போனே லாபம்.

காதுக்கு ஒரு கணக்கு

இனிச் சொல்வது எல்லாவற்றிலும் முக்கியம். நம் ஒவ்வொரு காதின் உள்ளேயும் மயிரிழைபோன்ற உணர்வணுக்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. அவைதான் ஒலியைப் பிடித்து மூளைக்கு அனுப்புகின்றன. வெட்டிய புல் முளைக்கும். அழிந்த உணர்வணு முளைக்காது.

பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். ஒலி மூன்று டெசிபல் ஏறினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 83 என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10. 90-க்கு வரும்போது வாரம் முழுவதற்கும் நான்கே மணி நேரம்! டெசிபலை அளக்க நம்மிடம் கருவி இல்லையே என்பீர்கள். கைப்பேசியின் ஒலியளவை நூற்றுக்கு அறுபதுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு கை தூரத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாவிட்டால் ஒலி அதிகம் என்று அறியுங்கள். கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று இரைந்தால், அது காது கொடுக்கும் எச்சரிக்கை மணி. அது அடிக்கடி வந்தால் மருத்துவமனையில் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

புல்வெட்டும் இயந்திரத்தோடு வேலை செய்யும் தம்பிமார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த இயந்திரத்தின் சத்தமே 90 டெசிபலைத் தாண்டக்கூடியது. காதில் இயர்பட்டை மாட்டி, இயந்திரத்தை மீறிப் பாட்டு கேட்கும்படி ஒலியைக் கூட்டினால், காதுக்கு விழுவது இரட்டை அடி. இயர்பட் காதுக் காப்பு அல்ல. வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே 2019-ஆம் ஆண்டு விதிமுறைகள் வைத்திருக்கும் எல்லை. அதற்கு மேற்பட்ட இடத்தில் காதுக் காப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது உங்கள் உரிமை. பாட்டை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

இரவுச் சந்தையில் பெரிய கம்பெனியின் பெயரைப் போட்டு, பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தால் அது போலி என்று சந்தேகியுங்கள். தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரை இருக்கிறதா, குறைந்தது ஆறு மாத உத்தரவாதம் உண்டா, ஒற்றைப் பக்கம் தொலைந்தால் தனியே கிடைக்குமா என்று மூன்றையும் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொருளில் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம்; வக்கீல் தேவையில்லை.

"ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு" என்று பங்கு போட்டுக் கேட்பது பாசந்தான். ஆனால் ஒருவர் காதின் புண்ணும் அழுக்கும் மற்றவருக்குப் போகும். வாரம் ஒருமுறை சிலிக்கன் முனைகளை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். காது ஈரமாக இருக்கும்போது மாட்டாதீர்கள். காதில் அரிப்போ சீழோ இருந்தால் ஆறும்வரை தொடவே வேண்டாம். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

அன்பார்ந்த வாசகர்களே! பிரட்டுக்கு அழைக்கும் குரலும், அடுப்படியிலிருந்து வரும் மனைவியின் குரலும், பேரப்பிள்ளையின் மழலையும் வந்து சேர நமக்கு இருப்பது இந்த இரண்டே வாசல்கள். பாட்டும் அந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். அளவோடு வரச் சொல்லுங்கள். அறுபது வயதிலும் பாட்டுக் கேட்கலாம்.