குளத்தைக் காப்பவர் யார்?

குளம் வெட்டிய மன்னரை வரலாறு மறப்பதில்லை. மின்னேரியா என்றதும் மகாசேனனையும், கலாவாவி என்றதும் தாதுசேனனையும், பொலன்னறுவைப் பெருங்குளம் என்றதும் பராக்கிரமபாகுவையும் நம் மாணாக்கர் தவறாது எழுதிவிடுவர். நீர்நிலைகளைப் பெருக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறியதை இலக்கிய வகுப்பிலே நாம் விரித்துரைக்கின்றோம். ஆனால், வெட்டிய குளம் மறுநாளே தூரத் தொடங்குகின்றது. மழை மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. எலி கட்டைத் துளைக்கின்றது. மாடு அதனை மிதித்துச் சரிக்கின்றது. வெட்டுதல் ஒருமுறை செய்யும் செயல். காத்தல் ஆண்டுதோறும் செய்யவேண்டிய செயல். அதனைச் செய்தவர் யார்? பாடநூல்கள் பெரும்பாலும் எழுப்பாத வினா இது.

இலங்கையின் வறண்ட வலயத்திலே, சிறப்பாக வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும், 200 ஏக்கருக்குக் குறைந்த வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவற்றை வெட்டியவர் பெயரை எவரும் அறியார். ஊர் நிலைத்திருந்த இடத்திலே குளமும் நிலைத்தது. ஊர் கலைந்த இடத்திலே குளம் காடாயிற்று. இந்த ஓர் உண்மையே மேலே கேட்ட வினாவுக்குப் பாதி விடையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வன்னிக் கிராமமொன்றிலே முதிய கமக்காரர் ஒருவரோடு குளக்கட்டின்மீது நடந்துகொண்டிருந்தேன். கட்டு அண்மையிலேதான் செப்பனிடப்பட்டிருந்தது. அதன் உறுதியை நான் புகழ்ந்தபோது பெரியவர் சிரித்தார். “வாத்தியார், குளம் கட்டிலையோ இருக்குது? குளம் காட்டிலையெல்லோ இருக்குது!” என்றார். நீரியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.

அவர் கூறிய ‘காடு’ என்பது குளத்தின் நீரேந்து பரப்பு. வடகீழ்ப் பருவமழை பெய்யும் சில மாதங்களிலே மேட்டுநிலத்தில் விழும் நீர் முழுவதும் சரிவு வழியே இறங்கிக் குளத்தை அடையவேண்டும். அது நேரே பாய்ந்தால் மண்ணையும் வாரிக்கொண்டு வரும். எனவே, பழைய ஊரார் அதன் வழியிலே பல காவல்களை அமைத்தனர். மண்வரம்புகள் வேகத்தைத் தணித்தன. சிறு பள்ளங்கள் வண்டலைத் தேக்கின. அலைகரையை அடுத்த புல்வெளி எஞ்சிய மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் உள்ளே விட்டது. இப்புல்வெளியைச் சிங்கள மக்கள் ‘பெரஹன’ என்பர்; வடி என்பது அதன் பொருள். நீர் விளிம்பில் நின்ற மரச்சோலை காற்றைத் தடுத்து, ஆவியாகும் நீரைக் குறைத்தது. கட்டுக்கும் வயலுக்கும் இடையிலே இலுப்பையும் மருதும் செறிந்த ஈரநிலம் ஒன்று விடப்பட்டிருந்தது. ‘கட்டகடுவ’ என வழங்கும் அந்நிலம், கட்டினூடே கசியும் நீரின் உப்பை வயலுக்குச் செல்லாது தடுத்தது.

இன்னுமோர் உண்மையுண்டு. சிறு குளம் எதுவும் தனித்து நிற்பதன்று. ஒரு குளத்தின் வான் பாய்ந்த நீரும், அதன் வயல்களிலிருந்து கழிந்த நீரும் கீழேயுள்ள அடுத்த குளத்தைச் சேர்கின்றன. இத் தொடரைச் சிங்களத்தில் ‘எல்லங்காவ’ என்பர். பேராசிரியர் மத்தும பண்டார 1985ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்து எழுதியபின், அறிஞருலகம் குளங்களைத் தொடராக நோக்கத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமும் இக் குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இத்தகைய அமைப்பைத் தனி மனிதர் எவராலும் காக்க இயலாது. மேட்டிலே ஒருவர் மரம் வெட்டினால் பள்ளத்திலே பலருடைய நீர் கெடும். ஆதலின், ஊர் தனக்கென ஒழுங்குகளை வகுத்துக்கொண்டது. வயலில் எவருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவுக்குக் குளக்கட்டிலும் அவருக்கு அளந்துவிட்ட பங்கு இருந்தது. விதைப்புக்கு முன் ஊர் கூடி, உள்ள நீருக்கு எவ்வளவு நிலம் என்று தீர்மானித்தது. நீர் குறைந்த சிறுபோகத்திலே குளத்தை அடுத்த வயல்களை மாத்திரம் எல்லாரும் தத்தம் பங்கின்படி பகிர்ந்து விதைத்தனர். ‘பெத்ம’ எனப்படும் இம் முறையிலே, நிலம் யாருடையது என்ற கேள்வி அப்போகத்துக்கு ஒதுக்கி வைக்கப்பட்டது. குளக்கட்டிலே பிள்ளையாரும் ஐயனாரும் கோயில் கொண்டதும் இப் பொறுப்பின் அடையாளமே. ஐயனாரைச் சிங்களக் கமக்காரரும் ‘ஐயநாயக்க’ என்ற பெயரால் குளங்காக்கும் தெய்வமாக வழிபட்டு வந்தனர்.

இவ்வொழுங்கு எவ்வாறு தளர்ந்தது? 1832ஆம் ஆண்டிலே ஆங்கில அரசு இராசகாரிய முறையை ஒழித்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆயினும், ஊரைக் கூட்டி வேலை செய்விக்கும் அதிகாரமும் அதனோடு குன்றிற்று. இதனை உணர்ந்த ஆளுநர் ஹென்றி வார்ட்டின் காலத்திலே, 1856ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பழைய நீர்வழக்குகளுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் விதானைமார் முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கமக்கார அமைப்புகள் இயங்குகின்றன. சட்டங்கள் மாறிமாறி வந்தன; ஆனால், குளம் ‘எங்களுடையது’ என்ற நிலையிலிருந்து ‘அரசாங்கத்தினுடையது’ என்ற நிலைக்கு மெல்லமெல்ல நகர்ந்தது. வன்னியிலோ, 2009இல் முடிவுற்ற போர் ஊர்களையே இடம்பெயர்த்தது. மீண்டு வந்தவர்களுக்குக் கட்டைத் திருத்திக் கொடுக்கலாம்; எந்தச் சரிவில் எந்தப் பள்ளம் இருந்தது என்று அறிந்த முதியோரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

இன்று குளம் திருத்தும் திட்டங்கள் பலவற்றிலே ‘மக்கள் பங்களிப்பு’ என்ற சொல் தவறாது இடம்பெறுகின்றது. அச்சொல்லின் பொருளைச் சற்றே ஆராய வேண்டும். மண்வெட்டியோடு வா என்று அழைப்பது ஒன்று. என்ன செய்யலாம் என்று கேட்டு அழைப்பது வேறொன்று. ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். கொள்ளளவைக் கூட்டுவதற்கு வானை உயர்த்துவதே எளிய வழி என்று தோன்றும். ஆனால், தட்டையான நிலத்திலே வானை ஓரடி உயர்த்தினால் நீர் ஆழமாவதினும் அகன்றே பரவும். அலைகரை மரங்கள் மூழ்கும். மேலேயுள்ளவரின் வயலிலே வெள்ளம் நிற்கும். பரப்பு விரிந்தமையால் ஆவியாகும் நீர் பெருகும். கீழ்க்குளத்துக்குச் செல்லும் வான்நீரோ குறையும். ஓர் ஊரை மட்டும் கேட்டு முடிவு செய்தால் இத் தீங்குகள் வெளிப்படமாட்டா. தொடரிலுள்ள ஊர்கள் யாவும் ஒரே பாயில் அமர்ந்து பேசினாலன்றி உண்மை தெரியாது.

அப்படிப் பேசவைக்க முடியுமா என்று ஐயுறுவோருக்குக் கல்லோயா விடை கூறும். 1980களின் தொடக்கத்திலே, அதன் இடதுகரைப் பகுதியில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளைஞர் சிலரைக் கமக்காரரிடையே தங்கியிருக்க அனுப்பின. அவர்கள் கட்டளை எதுவும் கொண்டு செல்லவில்லை, குறைகளைக் கேட்டனர். வாய்க்கால் ஒவ்வொன்றிலும் சிறு குழுக்கள் தோன்றின. பல்லாண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைக் கமக்காரரே துப்புரவு செய்தனர். நீர் அருகியிருந்த அவ்வேளையிலும் தலைப்பக்கத்தார் முறைவைத்துப் பாய்ச்சி, கடைப்பக்கத்தாருக்கும் நீர் விட்டனர். நம்பிக்கை வைத்தால் மக்கள் பொறுப்பேற்பர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதிலே ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் ஒரு பணியுண்டு. நீரேந்து பரப்பின் எல்லை, கிராம அலுவலர் பிரிவின் எல்லையோடு ஒத்துப்போவதன்று. நீர் ஓடும் வழியே அதன் எல்லை. அதனை மாணவர் நடந்து பார்த்து வரையலாம். மேட்டுக்காட்டின் பெயர்கள், தூர்ந்த பள்ளங்கள், மறைந்த வரம்புகள் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதலாம். பாடசாலை முற்றத்திலே மழைமானி ஒன்றை வைத்து நாள்தோறும் குறிக்கலாம். அடுத்த ஊர்ப் பாடசாலையும் அவ்வாறே செய்தால், இரண்டு படங்களையும் ஒட்டி வைக்கும்போது ஒரு குளத்தொடர் கண்முன் தோன்றும். குளத்தைப் பற்றி முடிவு செய்யும் கூட்டத்துக்கு வெறுங்கையோடு செல்வதினும் அத்தகைய படத்தோடு செல்லும் ஊருக்கு மதிப்பு மிகுதி.

மேலூரார் வெட்டும் மரம் கீழூராரின் நெல்லைத் தொடுகின்றது. இவ்வுறவை மறந்து கட்டை மட்டும் உயர்த்திக்கொண்டு போவோமாயின், கட்டு உயரும், குளம் உயராது. ஊராருக்கு வேலையில் மாத்திரமன்றி முடிவிலும் இடமளிக்கும் நாளிலேதான் குளத்துக்குக் காவலர் கிடைப்பர்.