வாய்ப்புண்ணை ஆற்றும் செவ்வொளி

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலேயே ஒரு சோதனைக்கு உள்ளாகின்றனர். வாயின் உட்புறம் சிவந்து, பின்னர் புண்ணாகிறது. கஞ்சி குடிக்கவும் இயலாது. "நோயைவிட மருந்தே கொடியது" என்றெண்ணிச் சிகிச்சையைப் பாதியில் விடுவோரும் உண்டு. இதுவே பேராபத்து. இடையில் நின்றால், எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருக வாய்ப்புண்டு.

புண் வருவது நோய் முற்றியதால் அன்று. வாயின் உட்தோல் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. கதிரும் சில மருந்துகளும், விரைந்து பெருகும் புற்றணுக்களைத் தாக்கும்போது இவ்வுயிரணுக்களையும் தாக்கிவிடுகின்றன.

இதனைத் தணிக்க வந்ததே மென்மையான செவ்வொளி. 1960களின் பிற்பகுதியில் ஹங்கேரி நாட்டு மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், முடி மழித்த எலிகள் மீது வலுக்குறைந்த லேசர் ஒளியைப் பாய்ச்சினார். முடி விரைவில் வளர்ந்தது. எதிர்பாராத இவ்விளைவே புண் ஆற்றும் ஆய்வுகளுக்கு வழிவகுத்தது. இவ்வொளி சுடாது, உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியைத் தூண்டி, வீக்கத்தைத் தணிக்கிறது.

தென்னிந்தியாவில் தலை, கழுத்துப் புற்று நோயாளர் 221 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு ஒவ்வொரு நாளும் கதிர்ச் சிகிச்சைக்கு முன் லேசர் ஒளி அளிக்கப்பட்டது. மறு சாராருக்குப் பாவனை மட்டுமே. ஒளி பெற்றோரிடம் கடும்புண்ணும் வலியும் விழுங்கும் தொல்லையும் குறைந்தன. 2020இல் பன்னாட்டு மருத்துவ வல்லுநர்களும் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் பெறுவோருக்கு இம்முறையைப் பரிந்துரைத்தனர்.

கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மீண்டும் வண்டி மாறி மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் செல்வோர் வாரம் 5 நாள் அலைய வேண்டியிருக்கும். அத்தகையோர் சிகிச்சை தொடங்குமுன்பே, "வாய்ப்புண்ணுக்கு ஒளிச் சிகிச்சை இங்குக் கிடைக்குமா? எனக்குப் பொருந்துமா?" என மருத்துவரிடம் வினவுதல் நன்று. எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதி இல்லை. ஒளியின் அளவையும் படவேண்டிய இடத்தையும் பயிற்சி பெற்றவரே முடிவு செய்ய வேண்டும். கடையில் விற்கும் சிவப்பு விளக்கை வாய்க்குள் காட்டுவது வீண்வேலை.

பல் மருத்துவரையும் முன்னரே காண்க. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு நாளும் பலமுறை கொப்பளிக்கலாம். காரத்தையும் புளிப்பையும் விலக்குக. வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் அறவே விடுக. வலி தாளாவிடில் வீட்டிலேயே தங்கிவிடாது, அடுத்த நாளே மருத்துவரிடம் கூறி வலி மருந்து பெறுக.