டவர் வந்தாச்சு, 4ஜின்னு காட்டுது... நெட் மட்டும் ஏன் சுத்துது? - பி.எஸ்.என்.எல். பயனாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"உனக்கு பி.எஸ்.என்.எல். எடுக்குதா?"

"4ஜின்னு காட்டுது மாமா. ஆனா ஜிபே போட்டா சுத்திக்கிட்டே நிக்குது."

"எனக்கு நல்லாத்தானே வருது? நேத்துகூட மேட்ச் பார்த்தேனே!"

தமிழகத்தின் எந்தச் சிற்றூர் டீக்கடையிலும் இன்று கேட்கக்கூடிய பேச்சு இது. ஒரே தெரு, ஒரே டவர், ஒரே நிறுவனத்தின் சிம். ஒருவர் மாதம் நூறு, இருநூறு மிச்சம் என்று மகிழ்கிறார். இன்னொருவர் எப்போது வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று நாள் எண்ணுகிறார். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை.

காரணம் எளிமையானது. '4ஜி வந்துவிட்டது' என்பது ஒரே நாளில் நடந்து முடிகிற விஷயம் அல்ல. டவருக்கு ஒரு நாள், அலைவரிசைக்கு ஒரு நாள், சிம்முக்கு ஒரு நாள், கையில் இருக்கும் போனுக்கு ஒரு நாள் என்று அது தனித்தனியாக வருகிறது. இவற்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் அந்த ஆளுக்கு இன்னும் 4ஜி வரவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏன் இவ்வளவு தாமதம்?

3ஜி காலத்தில் பி.எஸ்.என்.எல். முந்திக்கொண்டது. தனியார் நிறுவனங்கள் 2010 ஏலத்துக்குப் பிறகே 3ஜிக்கு வந்தன. பி.எஸ்.என்.எல். 2009-லேயே அதைத் தொடங்கிவிட்டது. 4ஜியில் கதை தலைகீழானது. ஏர்டெல் 2012-ல் கொல்கத்தாவில் 4ஜியைத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நாடே 4ஜிக்கு மாறியது. அப்போது பி.எஸ்.என்.எல்.லிடம் நாடு முழுக்க 4ஜி கொடுப்பதற்கான அலைக்கற்றையும் இல்லை, பணமும் இல்லை.

2019 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த மறுசீரமைப்புத் திட்டத்தில்தான் 4ஜி அலைக்கற்றை தருவதாக முடிவானது. அதே திட்டத்தின்படி 78,000-க்கும் அதிகமான ஊழியர்கள் விருப்ப ஓய்வில் சென்றார்கள். இது நிறுவனத்தின் ஊழியர்களில் ஏறக்குறைய பாதி. 2020 மார்ச்சில் 4ஜி கருவிகளுக்கு டெண்டர் விடப்பட்டது. எல்லையில் சீனாவுடன் மோதல் வெடித்த பிறகு, ஜூலையில் அந்த டெண்டர் ரத்தானது. வெளிநாட்டுக் கருவிகள் வேண்டாம், உள்நாட்டிலேயே உருவாக்கிக்கொள்ளலாம் என்ற முடிவு எடுக்கப்பட்டது.

அரசின் சி-டாட் நிறுவனம் நெட்வொர்க்கின் மூளையான மையப் பகுதியை உருவாக்கியது. டவரில் பொருத்தும் ரேடியோ கருவிகள் தேஜஸ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்துடையவை. எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் பொறுப்பு டி.சி.எஸ்.ஸிடம் போனது. 2021 அக்டோபரில் சோதனை முறையில் முதல் அழைப்பு பேசப்பட்டது. ஒரு லட்சம் டவர்களுக்கான பெரிய ஆர்டரின் முதல் கட்ட உத்தரவு 2023 மே மாதத்தில்தான் கிடைத்தது. பஞ்சாபில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்ற மாநிலங்களுக்கு விரித்தார்கள்.

2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் மோடி இந்த 4ஜி சேவையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள், சுமார் 37,000 கோடி ரூபாய் செலவு என்று அரசு அறிவித்தது. தொலைத்தொடர்புக் கருவிகளைச் சொந்தமாகச் செய்யும் ஐந்தாவது நாடு இந்தியா என்றும் சொல்லப்பட்டது. இது பெரிய சாதனைதான். ஆனால், மற்ற நாடுகளின் நிறுவனங்கள் பல ஆண்டுகள் பயன்படுத்தித் தேய்த்த கருவிகளை வாங்கிப் பொருத்துவதும், புதிதாகச் செய்த கருவியை லட்சம் இடங்களில் ஓடவிட்டுப் பழுது பார்த்துச் சரிசெய்வதும் ஒன்றல்ல. அந்தச் சரிசெய்யும் காலத்தில்தான் வாடிக்கையாளர்கள் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

வந்த வேகமும் போன வேகமும்

2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. திட்டத்துக்குத் திட்டம் 11 முதல் 25 சதவீதம் வரை ஏறியது. வீட்டில் நான்கு போன் இருந்தால் நான்குக்கும் ஏறியது. பி.எஸ்.என்.எல். மட்டும் ஏற்றவில்லை. "நம்ம கவர்மென்ட் சிம்முக்கே போயிடலாம்" என்று கூட்டம் திரண்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி, அந்த ஒரு மாதத்தில் மட்டும் பி.எஸ்.என்.எல்.லுக்கு சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். ஆகஸ்டில் சுமார் 25 லட்சம் பேர்.

ஆனால் நவம்பரிலேயே கணக்கு திரும்பியது. அந்த மாதம் வந்தவர்களைவிடப் போனவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம். என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு புள்ளிவிவரம் போதும். 2024 அக்டோபர் இறுதியில் 50,000-க்கும் சற்று அதிகமான இடங்களில் 4ஜி கருவி பொருத்தப்பட்டிருந்தது. அவற்றில் இயங்கத் தொடங்கியவை சுமார் 42,000. அதாவது, பொருத்தியும் உயிர் பெறாத டவர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். லட்சம் டவர் என்ற இலக்கில் பாதிகூட எட்டாத நேரத்தில், அரை கோடிக்கும் மேற்பட்ட புது வாடிக்கையாளர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

புள்ளி நிறைய இருக்கு, நெட் ஏன் இல்லை?

பயனாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். போனின் மேல்மூலையில் தெரியும் சிக்னல் கோடுகள், டவருக்கும் போனுக்கும் இடையிலான தொடர்பின் பலத்தை மட்டுமே காட்டுகின்றன. டவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அவை காட்டாது.

ஒவ்வொரு டவரும் ஃபைபர் கேபிள் மூலமாகவோ, மைக்ரோவேவ் தட்டு மூலமாகவோ நெட்வொர்க்கின் மையத்தோடு இணைந்திருக்கிறது. குரல் அழைப்புக்காகப் போட்ட பழைய இணைப்பு, 4ஜி டேட்டாவைத் தாங்காது. மேல்நிலைத் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதை நிரப்பும் குழாய் அரை அங்குலம் என்றால் தண்ணீர் எப்படி வரும்? டவர் புதுசு, குழாய் பழசு என்ற நிலை இருக்கும் இடங்களில் கோடு முழுசாகத் தெரியும், வீடியோ நகராது.

இரண்டாவது காரணம் அலைவரிசை. பி.எஸ்.என்.எல். 4ஜி முக்கியமாக 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டில் இயங்குகிறது. 700 தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். கிராமத்துக்கு ஏற்றது. ஆனால் கையில் இருக்கும் அளவு குறைவு என்பதால், ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினால் எல்லோருக்கும் வேகம் பிரிந்துபோகும். காலை ஆறு மணிக்கு நன்றாக வரும் நெட், ராத்திரி எட்டு மணிக்குச் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"என் போன் 5ஜி போன்தானே?"

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 700 மெகாஹெர்ட்ஸ் 4ஜிக்கு 'பேண்ட் 28' என்று பெயர். 2100-க்கு 'பேண்ட் 1'. பேண்ட் 28 இல்லாத 4ஜி போன்கள் நிறையப் பேரின் கையில் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களின் 4ஜிக்கு அந்தப் பேண்ட் தேவைப்படாததால், இத்தனை நாள் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அப்படிப்பட்ட போனில் பி.எஸ்.என்.எல். சிம்மைப் போட்டால், 2100 அலைவரிசை இயங்கும் இடத்தில் மட்டுமே 4ஜி கிடைக்கும்.

5ஜி போன் என்றாலும் உத்தரவாதம் இல்லை. 5ஜி பட்டியலில் 28 இருக்கலாம், 4ஜி பட்டியலில் இல்லாமல் போகலாம். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். டீக்கடையில் 'மேட்ச் பார்த்தேனே' என்றவரின் போனில் பேண்ட் 28 இருந்திருக்கலாம், 'சுத்துது' என்றவரின் போனில் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

போன் பேசினால் நெட் நிற்கிறது

"கால் வந்தா நெட் கட்டாயிடுது. கடையில பணம் அனுப்பும்போது யாராவது கூப்பிட்டா அவ்வளவுதான்." இதுவும் அடிக்கடி கேட்கும் புகார்.

4ஜி என்பது அடிப்படையில் டேட்டாவுக்கான நெட்வொர்க். அதிலேயே குரலையும் அனுப்பும் வசதிக்குத்தான் 'வோல்ட்இ' என்று பெயர். அது இயங்காவிட்டால், அழைப்பு வரும்போது போன் 4ஜியை விட்டு இறங்கி 2ஜிக்கு வந்துவிடும். பேசி முடிக்கும் வரை நெட் வராது. போன் செட்டிங்கில் வோல்ட்இ அணைக்கப்பட்டிருக்கலாம், எண்ணுக்கு அந்தச் சேவை இயக்கப்படாமல் இருக்கலாம், அல்லது அந்த மாடல் போன் பி.எஸ்.என்.எல்.லின் வோல்ட்இயை ஏற்கும் மென்பொருள் அப்டேட் இன்னும் வராமல் இருக்கலாம். முதல் இரண்டையும் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

3ஜி போன் வைத்திருப்பவர்கள் கதி?

2100 மெகாஹெர்ட்ஸ் இதுவரை 3ஜிக்குப் பயன்பட்ட அலைவரிசை. அதை 4ஜிக்குத் திருப்ப வேண்டுமானால் 3ஜியை நிறுத்தியாக வேண்டும். வட்டம் வட்டமாக அது நடந்துவருகிறது. 3ஜி நின்ற இடத்தில் பழைய 3ஜி போன் 2ஜிக்கு இறங்கிவிடும். பேசலாம், ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். வரும். ஆனால் வாட்ஸ்அப், யு.பி.ஐ. எல்லாம் ஏறக்குறைய நின்றுபோகும்.

இருபது ஆண்டாக ஒரே பி.எஸ்.என்.எல். எண்ணை வைத்திருக்கும் ஓய்வூதியர்கள் பலருக்கு வங்கி, ஆதார், ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அந்த எண்ணில்தான். போனை மாற்றினாலும் பழைய 2ஜி, 3ஜி சிம்மையே போட்டுக்கொண்டு, "புது போன் வாங்கியும் நெட் வரலை" என்பவர்களும் உண்டு. சிம் பழையதாக இருந்தால் டவர், போன் எல்லாம் சரியாக இருந்தும் 4ஜி கிடைக்காது. பி.எஸ்.என்.எல். சேவை மையத்தில் ஆதாரைக் காட்டி, அதே எண்ணுக்கு 4ஜி சிம் வாங்கிக்கொள்ளலாம்.

வேறு வழியே இல்லாதவர்கள்

நகரத்தில் இருப்பவருக்கு இது தேர்வு. பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம். தனியார் டவர் லாபம் தராது என்று எட்டிப் பார்க்காத மலைக் கிராமங்களுக்கும் எல்லைப் பகுதிகளுக்கும் அப்படி இல்லை. 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாயில் ஒப்புதலான 4ஜி நிறைவுத் திட்டம் அவர்களுக்கானது. 24,680 கிராமங்களை இலக்காகக் கொண்டு தொடங்கிய அந்தப் பணி, பி.எஸ்.என்.எல்.லிடம்தான் ஒப்படைக்கப்பட்டது.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கவும், நூறு நாள் வேலையில் வருகை பதியவும், கல்லூரி விண்ணப்பம் போடவும் இன்று நெட் வேண்டும். சிக்னல் தேடிப் பாறை மீது ஏறி நிற்கும் ஊருக்கு, மெதுவான 4ஜிகூடப் பெரிய மாற்றம். நகரத்தில் 'வேகம் போதாது' என்பது குறை. அங்கே மின்சாரம் போனதும் டவரும் அணைந்துவிட்டால், ஆம்புலன்ஸைக்கூடக் கூப்பிட முடியாது. இந்தச் சேவையின் வெற்றியை டவர் எண்ணிக்கையால் அல்ல, அந்த டவர்கள் நாளில் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கின்றன என்பதால்தான் அளக்க வேண்டியிருக்கும்.

மாறுவதற்கு முன் என்ன செய்யலாம்?

* முக்கியமான எண்ணை எடுத்தவுடன் போர்ட் செய்ய வேண்டாம். ஒருமுறை மாறினால் 90 நாட்கள் கழித்துத்தான் மீண்டும் வெளியேற முடியும். முதலில் புது பி.எஸ்.என்.எல். சிம் ஒன்றை வாங்கி, வீடு, வேலை செய்யும் இடம், போகும் வழி மூன்றிலும் ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள்.

* ராத்திரி எட்டு மணிக்குச் சோதியுங்கள். அப்போது யு.பி.ஐ. தடையில்லாமல் போனால் மற்ற நேரத்தில் பிரச்சினை வராது. வேகத்தை அளக்க டிராயின் 'மைஸ்பீடு' செயலி இருக்கிறது.

* நிறுவனங்கள் எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது டிராயின் விதி. அதில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள்.

* போனின் 4ஜி பேண்ட் பட்டியலில் 28, 1 இரண்டும் இருக்கின்றனவா என்று தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

* இரண்டு சிம் போன் என்றால், டேட்டா எந்தச் சிம்மில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வோல்ட்இயை இயக்குங்கள்.

* எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? 1800-180-1503 என்ற எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணை வைத்து மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

பொருத்தியிருக்கும் கருவிகளை 5ஜிக்கு மேம்படுத்த முடியும் என்று அரசு சொல்கிறது. அப்போதும் டவர், அலைவரிசை, சிம், போன் என்று இதே வரிசையில்தான் ஒவ்வொன்றாக வந்து சேரும். விளம்பரத்தில் தேதி ஒன்றுதான் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது வரும் தேதி வேறு. எது வந்திருக்கிறது, எது பாக்கி என்று பார்த்துவிட்டு ரீசார்ஜ் செய்தால், பணமும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.