ஈட்டமும் உடைமையும்

மனைவியின் ஊதியம் கணவனது ஊதியத்தை நெருங்குங்கால் இல்லத்தில் அடியும் உதையும் குறையுமோ, கூடுமோ என்னும் வினாவிற்கு ஆய்வாளர் இருவேறு விடை பகர்வர். தனித்து வாழ வல்லவளைத் துன்புறுத்தக் கணவன் தயங்குவான் என்பர் ஒரு சாரார். தன் தலைமை தளர்ந்ததெனக் கருதுபவன் அதனைக் கைவலியால் நிலைநாட்ட முயல்வான் என்பர் பிறிதொரு சாரார். இரண்டிற்கும் சான்று உண்டு.

கலிபோர்னியாவில் 1990 முதல் 2003 வரை தாக்குண்டு மருத்துவமனை புகுந்த பெண்டிரின் கணக்கை ஆராய்ந்து, ஆன்னா ஐசர் 2010-இல் தம் முடிபினை வெளியிட்டார். அக்காலத்து வன்முறைக் குறைவில் 9 விழுக்காடு, ஆண்பெண் ஊதிய இடைவெளி சுருங்கியமையால் நேர்ந்தது என்பது அம்முடிபு. ஈண்டு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் அளந்தது ஒருத்தி கையிற் பெற்ற கூலியை அன்று. அவள் வாழ்ந்த வட்டாரத்தில் பெண்டிர் உழைப்பிற்குக் கிடைக்கக்கூடிய கூலியை. ஆகவே வேலைக்குச் செல்லாதவளும் அதனாற் பயன் பெறுதல் கூடும். வெளியேறினும் பிழைக்க வழியுண்டு என்பதைக் கணவனும் மனைவியும் அறிந்திருத்தலே போதும்.

பெங்களூர் கூறுவது வேறு. மணமான இளம்பெண்களைப் பன்முறை கண்டு வினவிச் சுனீதா கிருஷ்ணன் முதலியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வேலையிற் சேர்ந்தவர்க்கு, வேலையின்றியே இருந்தவரினும், வன்முறைக்கு உள்ளாகும் வாய்ப்புத் தகவு 80 விழுக்காடு மிகுந்திருந்தது. கணவனது வேலை புதிதாக நிலைகுலைந்த வீடுகளிலும் மிகுதியே காணப்பட்டது. கூலியின் அளவினும், வீட்டில் நிலவிய முறை மாறுதலே சினத்திற்கு வித்தாகின்றது போலும்.

இம்முரணுக்கு விளக்கம் தேடுவார் திருவனந்தபுர மாவட்டத்தை நோக்குதல் நன்று. பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஊதியத்தை விடுத்து உடைமையைப் பற்றியது. வீடும் நிலமும் இல்லாத மகளிருள் 49 விழுக்காட்டினர் கணவனால் அடிபட்டோர். நிலம் மட்டும் உடையாருள் இது 18. வீடு மட்டும் உடையாருள் 10. இரண்டும் உடையாருள் 7. பிற காரணங்களைக் கணக்கிற் கொண்ட பின்னும் இவ்வேறுபாடு நிலைத்தது.

கூலியைக் கணவன் பறித்துக்கொள்ளலாம். வேலையும் நாளை நின்றுவிடலாம். தன் பெயரிலுள்ள வீடோ அடிபட்ட இரவிலேயே புகலாகும். 'இல்லாள்' என்னும் நம் சொல் வீட்டினை மனைவிக்கே உரியதாக்குகின்றது. அதற்கு ஆண்பால் போலத் தோன்றும் 'இல்லான்' வறியவனைக் குறிப்பது. பத்திரப் பதிவேடு இச்சொல் வழக்கினைப் பின்பற்றுவதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு, மனைவி கணவனினும் மிகுதியாக ஈட்டுகின்றாளா என வினவுவதோடு, வீடும் நிலமும் அவள் பெயரில் உளவா எனவும் வினவுகின்றது. முன்னதன் விடையை மட்டும் கொண்டு முடிபு கூறுவாரோடு நாம் உடன்படோம்.