உஷார்! பச்சை வளையத்துக்கு வெளியே வீடு என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

மைசூரில் மனை வாங்கப் போகிறீர்களா? கூர்கள்ளி, ஹூட்டகள்ளி, நஞ்சன்கூடு என்று தொழிற்பேட்டைப் பக்கமா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம். தரகர் ஒரு வண்ண வரைபடத்தை விரித்தார். நடுவில் புகைபோக்கி, சுற்றிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை வளையங்கள். "நம்ம மனை பச்சைக்கும் வெளியே இருக்கு சார், கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார். நம்பி வாங்கினார்கள், கட்டிக் குடியேறினார்கள். கோடையில் ஒரு தொந்தரவும் இல்லை. டிசம்பர் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தை இருமி இருமி எழுந்தது. ஜன்னலைத் திறந்தால் தெருவெல்லாம் நெடி! வெயில் ஏறியதும் மாயமாகிவிடும். புகார் சொன்னால், ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைப்படி அங்கே புகை வராதாம்.

வரைபடம் பொய் சொல்லவில்லை. அதில் எது விடுபட்டது என்பதைத்தான் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

புகை பரவுவதைக் கணிக்கும் காசியன் சூத்திரத்தில் காற்றின் வேகத்தால் வகுக்க வேண்டும். காற்று நின்றுவிட்டால்? பூஜ்யத்தால் வகுக்க முடியாது, கணக்கு உடைந்துவிடும். அதனால் ஏர்மோட் போன்ற மென்பொருள்கள் காற்று அசையாத மணிநேரங்களைச் சராசரியில் சேர்ப்பதே இல்லை. யோசித்துப் பாருங்கள். புகை நகராமல் நம் தலைமேலேயே கிடக்கும் நேரம் அதுதானே! குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிரும். குளிர்ந்த காற்று கீழே, சூடான காற்று மேலே. பானைக்கு மூடி போட்டதுபோல் புகை அடைபடும். ஆபத்தான மணிநேரமே கணக்கில் இல்லை!

சராசரியையும் நம்பாதீர்கள். பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இரண்டு மணி நேரம் 400, மீதி 22 மணி நேரம் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 56தான். தாளில் எல்லாம் சரி. அந்த இரண்டு மணி நேரம் மூச்சு இழுத்த குழந்தைக்கு?

கனமான வாயு என்றால் இன்னும் மோசம். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். சாதாரணப் புகைக்கு எழுதிய சூத்திரம் அதற்குப் பொருந்தாது. 2024 ஜூனில் மைசூரிலேயே பழைய இரும்புக் கடையில் ஒரு குளோரின் சிலிண்டர் கசிந்து, அக்கம்பக்கத்தார் பலர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு நச்சு வாயு ஊருக்குள் படிந்ததும், விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று ஸ்டைரீன் பரவியதும் ஊர் உறங்கும் நேரத்தில்தான்.

இவை கண்ணில் பட்டால் உஷார்!

அறிக்கையில் மார்ச் முதல் மே வரையான காற்றளவு மட்டுமே இருக்கிறது. குளிர்காலமே இல்லை!

காற்றளவு எடுத்த இடம் எங்கோ தொலைவில். சாமுண்டி மலையடிவாரக் காற்றும் திறந்தவெளிக் காற்றும் ஒன்றல்ல.

கணக்கிடும் புள்ளிகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் இடைவெளி. மெல்லிய புகைத்தாரை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நழுவி, அதன் உச்ச அளவு கணக்கில் படாமலே போகலாம்.

விபத்துக் கசிவு பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பொது விசாரணை நடக்க வேண்டிய ஆலைத் திட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் கன்னடத்திலும் கிடைக்க வேண்டும். விசாரணைக்குக் கன்னடம் தெரிந்த பக்கத்து வீட்டாரை உடன் அழைத்துப் போங்கள். "காற்று அசையாத மணிநேரம் எத்தனை? அதை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.